கையில் கிடந்த இரும்பு

மழை என்றதும் உருகிப்போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மண்வாசனை என்பார்கள், சூடாக ஒரு காபி என்பார்கள், ஓட்டில் விழும் சத்தம் தாலாட்டு மாதிரி இருக்கிறது என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு மழை என்றால் இடி. இடி என்றால் புளியமரத்தடியில் நாலு காலையும் விறைத்துக்கொண்டு கிடந்த எங்கள் காளை. இத்தனை வயதுக்கு அப்புறமும் வானம் ஒருமுறை உறுமினால் என் கை பக்கத்தில் இருக்கிற எதையாவது பிடித்துக்கொள்ளும். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அதுகளுக்கு என்ன தெரியும்.

அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் போகிற சாலையில் பாதி வழியில் இறங்கி ஒரு மைல் நடந்தால் எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. கம்பு, வரகு, மல்லாட்டை என்று விளையும். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். மழை வரவில்லை என்றால் ஊரே சாமிக்குப் பொங்கல் வைக்கும். வந்துவிட்டால் நான் ஒருத்தி மட்டும் அந்தச் சாமியை மனசுக்குள் திட்டிக்கொண்டிருப்பேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது உலகத்தில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்ததாம். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, இரும்பு கிடைக்கவில்லை என்று பெரியவர்கள் புலம்பியதோடு எங்கள் ஊருக்கு அந்தச் சண்டை முடிந்தது.

காளை செத்தபோது எனக்கு ஆறு வயது. சித்திரை மாதம். அப்பா ஏர் ஓட்டிவிட்டு மாடுகளைப் புளியமரத்தடியில் கட்டிப்போட்டு, தள்ளி வரப்பில் உட்கார்ந்து நான் கொண்டுபோன கூழைக் குடித்துக்கொண்டிருந்தார். கோடை மழை சொல்லிக்கொண்டா வருகிறது? நாலு சொட்டு விழுந்தது. அப்புறம் கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக ஒன்று இறங்கியது. மரம் பாதியாகப் பிளந்தது. வலத்து மாடு அப்படியே சாய்ந்தது. நாலடி தள்ளி நின்ற இடது பக்கத்து மாட்டுக்கு ஒன்றுமில்லை, அது மலங்க மலங்க விழித்துக்கொண்டு நின்றது.

ஊர் கூடிப் பார்த்தது. செத்த மாட்டுக்கு முந்தின வாரம்தான் அரியலூர்ச் சந்தையில் லாடம் அடித்திருந்தார்கள். பிழைத்த மாட்டுக்குக் குளம்பில் புண் என்று அடிக்காமல் விட்டிருந்தார்கள். "லாடந்தான் இழுத்துட்டுது" என்று ஒருவர் சொன்னார். "பின்ன, இரும்பாச்சே" என்று எல்லாரும் தலையாட்டினார்கள். நான் அப்பா காலைக் கட்டிக்கொண்டு நின்றபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இடி இடித்தால் வீட்டிலிருக்கிற இரும்பை எடுத்து வாசலில் எறிவார்கள். கடப்பாரை, அரிவாள், மண்வெட்டி, எது கைக்குக் கிடைக்கிறதோ அது. இடி இரும்பைத் தேடி வரும், வாசலில் கிடப்பதன் மேல் விழுந்துவிட்டு வீட்டை விட்டுவிடும் என்று நம்பிக்கை. அம்மா கடப்பாரையை எறியும்போது வானத்தைப் பார்த்து ஒரு அதட்டும் போடுவாள்: "இந்தா, இத எடுத்துக்கிட்டு ஓடு. எம் வூட்டுப் பக்கம் வந்த, தெரியும் சேதி!" எனக்கு அப்புறம் பிறந்த இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள் அவள். வானத்தோடு சண்டை போடுகிற உரிமை அவளுக்கு இருந்தது.

காளை செத்த அன்றைக்கே எனக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் மூன்று நாளில் இறங்கியது, பயம் இறங்கவில்லை. தூரத்தில் உருளுகிற வண்டிச் சத்தத்துக்கு அலறினேன். அரியலூர் ரயில் பாலத்தில் போகிற சத்தம் காற்றில் வந்தால் பாயை நனைத்துவிட்டேன். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எல்லைக் கோயில் பூசாரியிடம் கூட்டிப்போனார்கள். அவர் என் கண்ணிமையை விலக்கிப் பார்த்து, "பயந்த கோளாறு. இரும்புக் காப்புப் போட்டு வுடுங்க, சரியாயிடும். போட்டத மட்டும் கழட்டக் கூடாது. சாமிக்கு நேர்ந்தது" என்றார்.

இரும்புக் காப்பு. கேட்டீர்களா நியாயத்தை?

உடைந்துபோன எங்கள் ஏர்க்கொழு முனையைக் கொடுத்தார்கள். ஆசாரி அதை அடித்து வளைத்து, சாமி காலடியில் வைத்து எடுத்து, என் இடது கையில் போட்டு வாயை இடுக்கியால் நெருக்கிவிட்டார். அம்மா என் நெற்றியில் விபூதி பூசி, "இனிமே எம் புள்ளைக்குப் பயமே இல்ல" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள், பாவம். நான் கையைப் பார்த்தேன். எனக்கு லாடம் அடித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றியது.

ஏழு வயசுப் பிள்ளையின் கணக்கு இவ்வளவுதான். இரும்பு இருக்கிற இடத்துக்கு இடி வரும். வீட்டிலிருக்கிற இரும்பையெல்லாம் வாசலில் எறிகிறார்கள். ஒரு இரும்பு மட்டும் என் கையில் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் இடி எங்கே வரும்? இதைப் பெரியவர்கள் யாருமே யோசிக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். முன்னால் நான் இடிக்குப் பயந்தேன், அவ்வளவுதான். காப்புப் போட்ட பிறகு அது என்னைத்தான் தேடுகிறது என்று தெரிந்துகொண்டு பயந்தேன். முன்பைவிட அதிகமாக அலறினேன். "காப்புப் போட்டும் தெளியலயே" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கவலைப்பட்டாள். அவள் ஓட்டு வீட்டுக்காரி, நல்ல மனுஷி. இன்னொரு கைக்கும் ஒன்று போடலாமா என்று கேட்டாளே பார்க்கலாம், எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு அலறப் பழகினேன்.

எனக்கு எட்டு வயது முடியும்போது தம்பி பிறந்தான்.

அவனைப் பற்றி என்ன சொல்ல? இரண்டு பிள்ளைகள் போன வீட்டில் வந்து விழுந்தவன். குச்சி குச்சியாகக் கை, தலை நிறைய மயிர், அழுதால் ஊரைக் கூட்டுவான். அம்மா களை எடுக்கப் போனால் நான்தான் தூளியை ஆட்டுவேன். என் விரலைப் பிடித்தால் விடமாட்டான். எனக்கு அவன்மேல் உயிர். அப்போது என் மனசில் ஒரே ஒரு விஷயம் குத்திக்கொண்டு நின்றது: நான் வீட்டுக்குள் இருந்தால் இடி வீட்டுக்குள் வரும். வந்தால் இவனும் போவான்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. அந்த ஆவணி மாதத்தில் முதல் இடி இடித்ததும் எழுந்து வாசலுக்கு ஓடி, கோடியில் கிடந்த கல்லுரலுக்குப் பக்கத்தில், அம்மா எறிந்த கடப்பாரையோடு கடப்பாரையாகக் குந்திக்கொண்டேன். மழை மண்டையில் கொட்டியது. பல் கிட்டிப்போயிற்று. குளிரில் உதறி, அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க மட்டும் மாட்டேன் என்று இருந்தேன். பயத்தை அடக்க எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அம்மா திட்டுகிற மாதிரி திட்டுவது. "கட்டையில போறவனே! வா பாப்பம்! என்னைய வந்து அடி பாப்பம்!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினேன். திட்டத் திட்டக் கொஞ்சம் தெம்பு வந்தது.

வீட்டில் என்ன நினைத்தார்கள் தெரியுமா? இடிக்குப் பயப்படுகிற பெண் இடி இடித்தால் வெளியே ஓடி வானத்தோடு சண்டை போடுகிறாள். "பேய் புடிச்சிருக்கு" என்று ஊரே சொன்னது. அப்பா வந்து தூக்கிக்கொண்டு போனார். நான் அவர் கையைக் கடித்துவிட்டு மறுபடி ஓடினேன். அடுத்த மழைக்கும் ஓடினேன். அதற்கடுத்த மழைக்கு அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். அடி வாங்கிக்கொண்டே ஓடினேன். "ஏண்டி இப்படி மானத்த வாங்குற?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போல இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

காப்பைக் கழற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. விளக்கெண்ணெய் தடவி இழுத்துப் பார்த்தேன், கட்டைவிரல் முட்டியைத் தாண்டவில்லை. ஒருநாள் தனியாகவே ஆசாரி பட்டறைக்குப் போனேன். துருத்தி ஊதுகிற ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே நுழைந்து கையை நீட்டினேன்.

"ஆசாரியாரே, இத வெட்டி வுடுங்க."

"ஏம் பாப்பா, உறுத்துதா?"

"ஆமாங்க."

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். "உறுத்துற மாரி தெரியலயே. இது சாமி இரும்பு பாப்பா. நான் கை வெச்சா எம் பட்டற வெளங்காது."

"அப்பாதான் வெட்டச் சொன்னாரு."

"அப்ப அப்பாவ வரச் சொல்லு." ஆசாரி ஏமாறுகிற ஆள் இல்லை. நான் நகராமல் நின்றேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தணித்து, "நேந்துக்கிட்டதக் கழட்டுனா வூட்டுல இருக்கற சின்ன உசுருக்கு ஆவாது. தம்பி இருக்கான்ல? வூட்டுக்குப் போ" என்றார்.

போச்சா? காப்பு கையில் இருந்தால் இடி தம்பியைத் தூக்கும். கழற்றினால் சாமி தூக்கும். வருகிற வழியெல்லாம் நினைத்து நினைத்து, கடைசியில் ஒரு வேலிப் பக்கமாக உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சரி, மழைக்கு மழை வாசலுக்கு ஓடுவது, அடி வாங்குவது, அவன் வளர்ந்து ஓடுகிற வரைக்கும் இதுதான் நம் வேலை என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஐப்பசி வந்தது. மல்லாட்டை பிடுங்குகிற நேரம். வானம் இரண்டு நாளாக மூடியே கிடந்தது. காய் மண்ணுக்குள்ளேயே நனைந்தால் முளைத்துப்போகும் என்று ஊரே மல்லாட்டைக் காட்டில் கிடந்தது. அன்றைக்கு அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் கிளம்பினார்கள். அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துத் தூளியில் போட்டுவிட்டு, "உச்சிக்கு வந்துடுறேன். மழ வந்தா வெளிய ஓடுன, கால முறிச்சிருவேன். புள்ளையப் பாத்துக்க" என்றாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு முடக்குவாதம், அவள் மட்டும் காட்டுக்குப் போகாமல் கதவைச் சாத்திப் படுத்திருந்தாள்.

உச்சிக்கு முன்னாலேயே இருட்டியது. முதலில் காற்று. வழக்கமான காற்று இல்லை அது. வேலிப் படலைப் பிடுங்கி எறிந்தது, முருங்கை மரத்தை முறித்தது. பிறகு மழை சரிவாக வந்தது. பிறகு இடி.

நான் முதலில் செய்யவேண்டியதைச் செய்தேன். கடப்பாரையை இழுத்துக்கொண்டுபோய் வாசலில் தள்ளினேன். அரிவாள், மண்வெட்டி, களைக்கொட்டு, அரிவாள்மணை, தாளிக்கிற கரண்டி, ஒன்று விடவில்லை. இரும்புச் சட்டியில் முந்தின நாள் குழம்பு இருந்தது, குழம்போடு எறிந்தேன். வீட்டுக்குள் மிச்சமிருந்த இரும்பு நான் ஒருத்திதான். தூளியை ஒருமுறை ஆட்டிவிட்டு, "அக்கா வெளிய இருக்கேன், அழுவாத" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் உரலைக் கட்டிக்கொண்டேன்.

தம்பி விழித்துக்கொண்டான். அந்தக் காற்றிலும் அவன் குரல் கேட்டது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போது வேறொரு சத்தம் கேட்டது, கண்ணைத் திறந்தேன். எங்கள் வீடு மண்சுவர், வரகு வைக்கோல் வேய்ந்த கூரை. தெற்கு மூலைக் கூரை மூச்சுவிடுகிற மாதிரி மேலே எழும்பியது, இறங்கியது. மறுபடி எழும்பியது. கயிறு அறுந்து மூங்கில் ஒன்று தெறித்து விழுந்தது. தம்பியின் தூளி அதே கூரையின் விட்டத்தில்தான் தொங்கியது.

உள்ளே போகவேண்டும். இரும்போடு போகக் கூடாது. சாமி இரும்பு, கழற்றவும் கூடாது. ஒரு நிமிஷம் நின்றிருப்பேன். அப்புறம் எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம், அந்த மாதிரிக் கோபம் என் ஆயுசில் வந்ததில்லை. "சாமியாவது பூதமாவது! வேணும்னா என்னையத் தூக்கிட்டுப் போ!" என்று கத்திக்கொண்டே சேற்றில் துழாவிக் களைக்கொட்டை எடுத்தேன். இடது கையை உரல்மேல் வைத்து, களைக்கொட்டின் தட்டை முனையைக் காப்பின் வாயில் செருகி, பிடியை முழங்காலால் அழுத்தினேன். வழுக்கியது, மணிக்கட்டு கிழிந்தது. மறுபடி செருகினேன். இரண்டாம் தடவையும் வழுக்கியது. மூன்றாம் தடவை உடம்பு முழுவதையும் அதன்மேல் போட்டேன். வாய் கொஞ்சம் விரிந்தது. காப்பைப் பல்லால் கடித்துப் பிடித்துக் கையை உருவினேன். கட்டைவிரல் மூட்டில் என்னவோ மளுக்கென்றது. கை வந்துவிட்டது. வலி தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது, ஆனால் அதைக் கேட்க நேரமில்லை.

காப்பை எட்டின மட்டும் எறிந்துவிட்டு உள்ளே ஓடினேன். தெற்குப் பக்கக் கூரை போய்விட்டிருந்தது, வானம் தெரிந்தது. தூளி தாறுமாறாக ஆடியது. தம்பியைத் தூக்கி, தூளிப் புடவையை அவிழ்க்கக் கை வராததால் இழுத்துக் கிழித்துச் சுற்றி, அவனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு வெளியே வந்தேன். பெரியம்மா வீட்டுக்கு நாற்பது தப்படி இருக்கும். நடக்கவிடவில்லை காற்று. குந்திக் குந்தி, ஒரு கையால் தரையை ஊன்றிப் போனேன். மேலே இடி இடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் உடம்பு சுருண்டது. "எங்கிட்ட இரும்பு இல்ல! பாரு, இல்ல!" என்று ஒவ்வொரு இடிக்கும் கணக்குச் சொல்லிக்கொண்டே போனேன். பெரியம்மா கதவைத் தலையால் முட்டித்தான் திறக்கவைத்தேன். நான் உள்ளே விழுந்ததும் பின்னால் பெரிய சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு விட்டம் அது.

காற்று கொஞ்சம் அடங்கியதும் அப்பாவும் அம்மாவும் ஓடி வந்திருக்கிறார்கள். உட்கார்ந்துவிட்ட கூரையைப் பார்த்திருக்கிறார்கள். அம்மா அலறிய அலறலைப் பெரியம்மா வீட்டுக்குள்ளிருந்து கேட்டேன். அந்தச் சத்தம் இடியைவிட மோசம். வைக்கோலை இரண்டு கையாலும் வாரி எறிந்து தோண்டிக்கொண்டிருந்தவளைப் பெரியம்மா நொண்டிக்கொண்டே போய், "அடியே, ரெண்டும் இங்க இருக்குடி, உசுரோட இருக்குடி!" என்று கூவி அழைத்துவந்தாள். அம்மா வந்து தம்பியைப் பிடுங்கி உச்சியிலிருந்து கால்வரை தடவிப் பார்த்து, மாரில் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"காப்பு எங்கடி?"

சொன்னேன். காளை, லாடம், கடப்பாரை, ஆசாரி, எல்லாவற்றையும் தேம்பித் தேம்பிச் சொன்னேன். அப்பா என் கையை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சுவரோரமாகப் போய்த் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

"தம்பிய இடி தூக்கிரும்னா வாசல்ல போயி ஒக்காந்த?" என்றாள் அம்மா.

"ஆமா."

"அடி பாவி! அத்தன அடி அடிச்சேனே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னடி?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "சொன்னா என்னைய அத்த வூட்டுக்கு அனுப்பிடுவ. தம்பிகிட்டயே வுடமாட்ட."

அம்மா என் பக்கமாக நகர்ந்து வந்தாள். குடித்துக்கொண்டிருந்த பிள்ளையை மாரிலிருந்து எடுத்து, அவன் வீறிடுவதைச் சட்டை செய்யாமல், என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். என்னையும் அவனையும் சேர்த்துத் தன் ஈரப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வெளியே மறுபடியும் இடித்தது. கால் தானாக வாசல் பக்கம் இழுத்தது. அம்மாவின் கை இறுகியது. நான் எழுந்து ஓடவில்லை. பயந்துகொண்டே, தம்பி மடியில் கிடக்க, வீட்டுக்குள் இருந்தேன்.